சொல்லாமல் போகும் மின்சாரம்

மின்வெட்டோடு வாழப் பழகிய பாலாற்றங்கரைப் பேரூர் ஒன்று நமக்குச் சொல்லும் செய்தி

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பாலாற்றின் கரையோரமாக அமைந்திருக்கும் பள்ளிகொண்டா, உத்தர ரங்கநாதர் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கும் க்ஷேத்திரம் என்பதால் பக்தர்களுக்கும், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓயாது ஓடும் லாரிகளை நிறுத்திக் கட்டணம் வாங்கும் சுங்கச்சாவடி இருப்பதால் வாகனமோட்டிகளுக்கும் நன்கு அறிமுகமான ஊர். ஒருபுறம் வேலூரும், மறுபுறம் ஆம்பூரும், ஆற்றுக்கு அப்பால் குடியாத்தமும் இருக்க, நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் வயல்களுக்கும், தோல் பதனிட்டும் காலணி தைத்தும் ஜீவனம் நடத்தும் தொழில் ஊர்களுக்கும் நடுவே இது அகப்பட்டுக்கொண்டிருப்பதால், கிராமத்துக்குரிய கஷ்டங்களும் நகரத்துக்குரிய கஷ்டங்களும் தனித்தனியே வராமல் சேர்ந்தே இவ்வூரை வந்தடைகின்றன. மின்வெட்டு அத்தகைய கஷ்டங்களில் ஒன்று.

மின்சாரம் இல்லாமல் மனிதன் வாழவே முடியாது என்று சொல்வதற்கில்லை. இந்தப் பிரதேசத்து ஜனங்கள் மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்பு வரை அவ்வாறுதான் வாழ்ந்தார்கள். ஆனால் மின்சாரமே இல்லாத வாழ்க்கை வேறு. மின்சாரத்தை நம்பிச் சகலத்தையும் அமைத்துக்கொண்ட பிறகு, அது எப்போது போகும், எப்போது வரும் என்று அறியாமல் காத்திருக்கும் வாழ்க்கை வேறு. முன்னதற்கு மனிதன் பழகிக்கொள்வான். பின்னதில் பழகிக்கொள்வதற்கென்று எந்த ஒழுங்கும் கிடையாது. ஆகையால், எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லை என்னும் கேள்வியைக் காட்டிலும், அந்த நேரம் முன்கூட்டிச் சொல்லப்பட்டதா, சொன்னபடி நடந்ததா என்னும் கேள்வியே கிராமவாசிக்கு முக்கியமானது என்பதே இக்கட்டுரையின் பிரதான அபிப்பிராயம்.

அறிவிப்பில் நான்கு மணி, அனுபவத்தில் அதற்கு மேல்

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-ல் மேட்டூர் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கி, மேட்டூரின் கம்பிகள் பள்ளிகொண்டா அடங்கிய அன்றைய வட ஆற்காட்டையும் எட்டியபோது, இருளுக்கு இனி இந்த ஜில்லாவில் இடமில்லை என்று நம்பியவர்கள் பலர் இருந்திருக்கக் கூடும். 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் உருவான பிறகு, குக்கிராமங்களுக்கும் கிணறுகளுக்கும் இணைப்பு வழங்குவதில் இந்த ராஜ்யம் தேசத்துக்கே முன்னோடியாக விளங்கியதும் உண்மை. அந்தப் பெருமைக்கெல்லாம் பெரும் சோதனையாக வந்தவை 2008 முதல் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்.

2008 நவம்பர் 1 முதல் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளின் உபயோகம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைக்கப்பட்டது. அக்கட்டுப்பாடு 2015 ஜூன் மாதத்தில்தான் நீங்கியது. வீடுகளுக்கும் வெட்டு உண்டு. 2012 பிப்ரவரி இறுதியில் வெளியான அறிவிப்பின்படி சென்னைக்குத் தினம் இரண்டு மணி நேரமும் மற்ற மாவட்டங்களுக்கு நான்கு மணி நேரமும் மின்வெட்டு என்று விதிக்கப்பட்டது. தலைநகரத்துக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு வேறு நீதி என்பதையாவது, ‘அங்கே ஆபீசுகள் இருக்கின்றன, ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன’ என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெளி மாவட்டங்களில் மின்வெட்டு பன்னிரண்டு மணி நேரத்தையும், சில இடங்களில் அதற்கு மேலும் தொட்டபோது, அறிவிப்பில் எழுதப்பட்டிருந்த நான்கு மணி என்பது வெறும் எழுத்தாகிவிட்டது.

இதற்குக் காரணங்கள் பல. தேவை சுமார் 12,000 மெகாவாட்டாக இருக்க, கிடைத்தது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். புதிய அனல்மின் நிலையங்கள் குறித்த காலத்தில் முடிவடையவில்லை. 2003-க்குப் பிறகு 2010 வரை கட்டணம் திருத்தப்படாததால் வாரியத்தின் கடன் மலையாக வளர்ந்தது. கடன்பட்ட வாரியத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வாங்கவும் சக்தி இல்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் சுழன்று கைகொடுக்கும். காற்று ஓய்ந்ததும் அந்த உதவியும் ஓய்ந்துவிடும். வட இந்தியாவில் உபரியாக இருந்த மின்சாரத்தைக் கொண்டுவரலாமென்றால், தென்னிந்திய மின் தொகுப்பு ஏனைய பாரதத்தோடு முழுமையாக இணைக்கப்படாமல், ஒருசில நேர்மின் வழித்தடங்களை மட்டும் நம்பியிருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுவதும் இருளில் மூழ்கியபோது தெற்கு தப்பியதற்குக் காரணமும் இந்தப் பிரிவினைதான் என்பது விசித்திரம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடம் இரண்டு தொகுப்புகளையும் இணைத்தது. கூடங்குளத்தின் முதல் உலை அதே ஆண்டு அக்டோபரில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. வல்லூர், வடசென்னை, மேட்டூர் ஆகிய இடங்களின் புதிய அலகுகளும் ஒவ்வொன்றாகச் சேர, பற்றாக்குறை மெல்ல மெல்லத் தணிந்தது.

மூன்று பல்புகளின் சாஸ்திரம்

மின்வெட்டு விவசாயியை எவ்வாறு பாதித்தது என்பதை அறிய, பம்புசெட் அறை ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். கிணற்று மேட்டில் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஓர் அறை. அதில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு மரப்பலகை. பலகையில் மெயின் சுவிட்சும் ஸ்டார்ட்டரும். அவற்றுக்கு மேலே வரிசையாக மூன்று பல்புகள். மூன்றும் ஒரே பிரகாசத்துடன் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்திருக்கிறது, மோட்டாரைப் போடலாம். ஒன்று அணைந்திருந்தால் இரு முனைதான், வீட்டு விளக்கு எரியுமேயொழிய மோட்டார் ஓடாது. மூன்றும் எரிந்தும் மங்கலாக எரிந்தால் அழுத்தம் குறைவு. துணிந்து போட்டால் காயில் கருகும். பள்ளிக்கூடத்தில் மின்னியல் படிக்காத கிழவரும் தொலைவில் நின்றே இந்த மூன்று பல்புகளைப் பார்த்து நிலைமையைக் கணித்துவிடுவார்.

விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரமும் இரவில் மூன்று மணி நேரமும் என்பது வெகுகாலம் நிலவிய ஏற்பாடு. பற்றாக்குறைக் காலத்தில் அதுவும் நிலைகுலைந்து, நள்ளிரவில் வருவது என்றும், வந்து அரைமணியில் போவது என்றும் ஆனபோது, ராத்திரியில் டார்ச் லைட்டும் கையுமாக வரப்பில் நடப்பது விவசாயிக்கு நித்திய கர்மமாயிற்று. பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து வரப்பு நடந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்கினால், தண்ணீர் வாய்க்காலின் பாதிவரை ஓடுவதற்குள் மின்சாரம் போய்விடும். மறுபடி வரும்போது, காய்ந்த வாய்க்கால் அந்தத் தண்ணீரை முதலிலிருந்து குடிக்கத் தொடங்கும். கடைமடைக்கு ஒருநாளும் நீர் எட்டாது.

இதற்கு உபாயம் தேடியவர்கள் பலர். மின்சாரம் வந்ததும் தானே மோட்டாரை இயக்கிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டரைச் சிலர் பொருத்தினார்கள். செல்பேசியில் அழைத்தால் மோட்டாரை ஓட்டும் கருவியைச் சிலர் வாங்கினார்கள். கண்டன்சர் வைத்து இரு முனை மின்சாரத்திலேயே மோட்டாரை ஓட்டும் சட்டவிரோதமான சாமர்த்தியத்தையும் சிலர் கைக்கொண்டார்கள். ஆனால், மின்சாரம் வந்த அந்தக் கணத்திலேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த மோட்டார்கள் அத்தனையும் தாமாகவே ஓடத் தொடங்கினால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் எவ்வாறு தாங்கும்? பீஸ் போகும், சில வேளைகளில் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். நெருக்கடி நீடித்த அந்த ஆண்டுகளில் குறைவின்றி வியாபாரம் நடந்த இடம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைதான். இன்ன நேரத்தில் மும்முனை மின்சாரம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால், விவசாயிகள் தமக்குள் முறைவைத்துப் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் என்னும் சம்பிரதாயத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

நிற்கக் கூடாத டிரம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிப் பரவியிருக்கும் தோல் தொழில், ஒரு காலத்தில் மின்சாரத்தை அதிகம் சார்ந்திருந்ததில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோல்களைப் போட்டு, கைகளால் புரட்டி, வாரக்கணக்கில் பக்குவப்படுத்தும் அந்தப் பழைய முறைக்கு இருளோ வெளிச்சமோ பொருட்டல்ல. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. முடிவுற்ற தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்வதே லாபகரம் என்று ஏற்பட்டபோது, இயந்திரங்களும் மின்சாரமும் இத்தொழிலுக்கு உயிர்நாடி ஆயின.

குரோமியம் உப்புக் கரைசலும் தோலும் நிரப்பப்பட்டு மணிக்கணக்கில் சுழலும் பெரிய மர டிரம்மைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அது சுழலும் வரையில் எல்லாத் தோலுக்கும் கரைசல் சமமாகச் சென்று சேர்கிறது. நடுவில் மின்சாரம் போய் டிரம் நின்றுவிட்டால், அடியில் கிடக்கும் தோல் கரைசலில் ஊற, மேலே மடிந்து கிடக்கும் தோல் வெறுமனே இருக்க, குரோமியத்தின் நீலம் ஒரே சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாகப் படியும். அப்படிப்பட்ட தோல் தரத்தில் இறங்கிவிடும். ஆகவே பெரிய டேனரிகள் டீசல் ஜெனரேட்டர் வைத்தன. வாரியம் தரும் மின்சாரத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாக அதற்குச் செலவாயிற்று. கூலிக்குப் பதனிடும் சிறிய இடங்கள் அந்தச் செலவைத் தாங்கமாட்டாமல் வேலையைக் குறைத்தன. வேலை குறைந்தால் கூலியும் குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி பஸ் ஏறிச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகும் பெண்களுக்கோ, தாங்கள் வந்து சேரும் நேரத்தைத் தையல் மெஷின் ஓடும் நேரத்தோடு பொருத்த வேண்டிய நிர்ப்பந்தமும் கூடிற்று.

இதில் பாலாற்றுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டிய பிறகு, கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்பாமல் தோல் தொழில் நடத்த வழியில்லை. அந்நிலையங்களில் கழிவைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள். அவை பிழைத்திருக்க இடைவிடாமல் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உப்பைப் பிரிக்கும் சவ்வுகளுக்குத் தண்ணீரை அழுத்தித் தள்ளும் பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும். மின்வெட்டின் சுமை இவ்வாறாக ஒரு தொழிற்சாலையின் மதிற்சுவரோடு நின்றுவிடாமல், ஆற்றுப்படுகைக் கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்கள் வரை இறங்கி வருகிறது.

வீட்டுக்குள் வந்த இருள்

2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அவை வீடு வந்து சேர்ந்த அடுத்த ஆண்டே, அவற்றை ஓட்டுவதற்கு மின்சாரம் இல்லாமல் போனதை விதியின் பரிகாசம் என்றுதான் சொல்ல வேண்டும். மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஆட்டுக்கல் மறுபடி புரண்டது. மாவு மில்லில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து அரிசித் தூக்குகள் வரிசையில் காத்திருந்தன. தெருவிளக்கும் வீட்டு விளக்கும் ஒருசேர அணைய, அந்திக்குப் பிறகு பீடி சுற்றிக் கணக்கை முடிக்கும் பெண்கள் சிம்னி விளக்கைச் சுற்றிக் கூடினார்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் மின்சாரம் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படித்தார்கள்.

பொது நிறுவனங்களின் நிலைமை சற்று நுட்பமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்தைப் பாதுகாக்கும் குளிர்பெட்டி, உள்ளே பனிக்கட்டிச் சுவர் எழுப்பிக்கொண்டு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தைக் காக்கும்படி அமைக்கப்பட்டது. நம் தேசத்துக் கிராமத்தின் நிலையை உணர்ந்தே ஒரு கருவியை வடிவமைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது நல்ல திருஷ்டாந்தம். கூட்டுறவுப் பால் சங்கத்தின் குளிர்விப்பான் அவ்வளவு பொறுமையுள்ளதன்று. கோடையில், அதுவும் மாநிலத்திலேயே கடும் வெயிலுக்குப் பெயர்போன வேலூர்ப் பிரதேசத்துக் கோடையில், கறந்த பால் சில மணி நேரத்திலேயே திரிந்துவிடும். பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறாவிட்டால், மின்வெட்டு தண்ணீர்ப் பஞ்சமாக உருமாறிக் குழாயடியில் சண்டையாக முடியும்.

கையில் பணம் உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். தனி மனிதருக்கு அது சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மின்கலத்தில் ஏற்றுவதில் நாலில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. மின்சாரம் வந்தவுடனே எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே சமயத்தில் அதை உறிஞ்சத் தொடங்குகின்றன. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் அடுத்த வேளைக்கும் சேர்த்து இலையில் வாரிக்கொண்டால் கடைசி வரிசைக்கு என்ன மிஞ்சுமோ, அதுவே இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு மிஞ்சியது. அதைவிட விபரீதமான விளைவு மற்றொன்று. ஊரில் வாய்ச்சொல் செல்லுபடியாகும் மனிதர்களின் வீட்டு விளக்கு அணையாமலிருந்ததால், மின்வாரிய அலுவலகத்துக்குச் சென்று நியாயம் கேட்கும் குரலும் தணிந்துவிட்டது.

அட்டவணை என்னும் ஆறுதல்

பற்றாக்குறையை நேர்மையாகப் பங்கிட்டுக் கொடுப்பது எப்படி என்பதற்கு வெளிநாடுகளில் உதாரணங்கள் உண்டு. 2022-ல் இலங்கை, அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வழியின்றித் தவித்தபோது, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. ஆயினும் ஊர்களை ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்பதை முன்னதாகவே வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தாயும் கொழும்பு வியாபாரியும் அந்தப் பட்டியலைப் பார்த்தே உலை வைத்தார்கள், கடை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பற்றாக்குறையின் கடுமைக்கேற்ப ஒன்று முதல் எட்டு வரை படிகளை வகுத்து, ஒவ்வொரு படியிலும் எந்தத் தெருவுக்கு எப்போது மின்சாரம் நிற்கும் என்பதைச் செல்பேசியிலேயே அறிந்துகொள்ளும்படி செய்தார்கள். அந்த ஜனங்களுக்குக் கோபம் இல்லாமலில்லை. எனினும் திட்டமிட்டு வாழ்வதற்கு ஒரு பிடிமானம் இருந்தது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் இருக்கிறது. துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால், காலை ஒன்பது மணி முதல் இத்தனை மணி வரை, இன்னின்ன ஊர்களுக்கு மின்சாரம் இராது என்று முந்தின நாளே பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்குப் பள்ளிகொண்டாவில் யாரும் பதறுவதில்லை. விடியற்காலையிலேயே தொட்டிகள் நிரம்புகின்றன, மாவு அரைபடுகிறது, செல்பேசிக்குச் சார்ஜ் ஏறுகிறது. வெல்டிங் பட்டறைக்காரர் அன்று விடுமுறை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வருகிறார். அதே அளவு நேரம் முன்னறிவிப்பின்றி மின்சாரம் போனால் ஊரே கொதிக்கிறது.

இன்றைய நிலை

2024 மே 2-ல் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதை நிறைவு செய்யவும் முடிந்தது. எனவே இன்று கிராமம் அனுபவிக்கும் இருள் பெரும்பாலும் உற்பத்திக் குறைவால் வருவதன்று. தளர்ந்து தொங்கும் பழைய கம்பி, தாங்கும் சக்திக்கு மேல் இணைப்பு ஏறிய டிரான்ஸ்ஃபார்மர், வெடித்த பீங்கான், கோடை மழைக் காற்றில் கம்பிமேல் சாயும் தென்னை மட்டை, பல கிராமங்களுக்கு ஒரே லைன்மேன் ஓடவேண்டிய ஆள் பற்றாக்குறை ஆகியவையே இன்றைய காரணங்கள். 2021-ல் அமைச்சர் ஒருவர் அணில்கள் கம்பியில் ஓடுவதாலும் மின்தடை ஏற்படுகிறது என்று சொல்லப்போய், அது நாடெங்கும் பரிகாசத்துக்கு இலக்காயிற்று. அணிலால் மின்தடை ஏற்படுவது உண்மைதான். மரக்கிளையை வெட்ட வேண்டிய பருவத்தில் வெட்டாததால்தான் அணிலுக்கு அங்கே வழி கிடைக்கிறது என்பதும் உண்மைதான். அதே ஆண்டு ஜூனில் தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ இருபத்து நான்கு மணி நேரமும் புகாரைப் பெற்றுக்கொள்கிறது. ஆனால் புகார் என்பது மின்சாரம் போன பிறகு நுகர்வோர் வாரியத்துக்குச் சொல்வது. போவதற்கு முன் வாரியம் நுகர்வோருக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமலில்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே, பழுதை இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று விதி செய்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள், திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டி அறிவிப்பதும், எதிர்பாராத தடையானால் சரியாகும் உத்தேச நேரத்தோடு குறுஞ்செய்தி அனுப்புவதும் விநியோக நிறுவனத்தின் கடமை என்கின்றன. இழப்பீட்டைக் கேளாமலேயே வழங்கவும் வகை செய்கின்றன. விதி எழுதப்பட்டுவிட்டது. பள்ளிகொண்டா போன்ற ஊர்களில் அது நடைமுறைக்கு வருவதுதான் பாக்கி.

செய்ய வேண்டியவை மூன்று. விவசாயத்துக்கான மும்முனை மின்சார நேரத்தை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி, மாறினால் முந்தின நாளே தெரிவிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வாரியாக மின்தடைக் கணக்கை மாதந்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தடையின் காரணமும் நீங்கும் நேரமும் அந்தந்தப் பகுதி நுகர்வோரின் செல்பேசிக்குச் செல்ல வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய அனல்மின் நிலையம் கட்ட வேண்டியதில்லை. அந்நியக் கடனும் வாங்க வேண்டியதில்லை. எந்த இணைப்பு யாருடையது, அவருடைய செல்பேசி எண் யாது என்பதெல்லாம் வாரியத்தின் கணினியில் முன்பே பதிவாகியிருக்கின்றன. 2022, 2023 ஆண்டுகளில் மின் இணைப்போடு ஆதார் எண்ணையும் சேர்க்கச் சொல்லி, ஜனங்களை வரிசையில் நிறுத்தி அந்தப் பதிவைச் செம்மையாக்கியும் ஆயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கட்டணம் இவ்வளவு, கடைசித் தேதி இன்னது என்று அந்தச் செல்பேசிக்குத் தவறாமல் செய்தி அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இன்று மாலை ஆறு முதல் எட்டு வரை மின்சாரம் இராது என்று அனுப்புவது மட்டும் சாத்தியமில்லை என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.